பழைய ஹேட்ச்பேக்: கிளட்ச் மாற்றும்போது ஃபிளைவீலையும் கழற்ற வேண்டுமா?

நாலாம்கியர் எழுதியது:

வணக்கம். இருபது வயதைத் தாண்டிய ஹேட்ச்பேக் ஒன்று வைத்திருக்கிறேன். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், முன்சக்கர இயக்கம், கேபிள் கிளட்ச். ஓடிய தூரம் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். கிளட்ச் இடையில் ஒருமுறை மாற்றப்பட்டதாகப் பழைய உரிமையாளர் சொன்னார். அதற்கு ரசீது எதுவும் இல்லை.

கொஞ்ச நாட்களாக ஏற்றத்தில் நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறுகிறது. ஆர்பிஎம் முள் 2,500-இலிருந்து 3,500-க்குத் தாவுகிறது. வேகமானி முள் அசையாமல் நிற்கிறது. கிளட்ச் மிதியும் முன்பைவிடக் கனக்கிறது. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, முதல் கியரில் கிளம்பும்போது உதறல் வேறு.

கியர்பாக்ஸை நண்பரோடு சேர்ந்து நானே இறக்கப்போகிறேன். கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதியை அழுத்தும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் அடங்கிய செட் கைக்கு வந்துவிட்டது. ஃபிளைவீல், அதாவது கிளட்ச் பிளேட் அழுந்தி உராயும் எஞ்சின் பக்கத்துக் கனத்த வட்டு, அந்த விஷயத்தில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உப்புத்தாள் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். லேத்தில் கொடுத்து முகம் எடுக்க, அதாவது மேற்பரப்பை மெல்லச் சீவி மட்டமாக்க, சொல்கிறார் இன்னொருவர். புதிதாகவே வாங்கிப் போடு என்பவரும் உண்டு. எதை வைத்து முடிவு செய்வது?

ஸ்பேனர்செட் எழுதியது:

கியர்பாக்ஸில் கை வைக்கும் முன் கேபிளைப் பாருங்கள். பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வரும். அதனால் மிதியில் இருக்க வேண்டிய சும்மா ஆட்டம் (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் மிதி வெறுமனே இறங்கும் தூரம்) மெல்ல மெல்லக் குறையும். அது முழுவதும் தீர்ந்துபோனால், நீங்கள் காலை எடுத்த பிறகும் பேரிங் அந்த விரல்களை அழுத்திக்கொண்டேதான் இருக்கும். கிளட்ச் வழுக்க அது ஒன்றே போதும். ஆட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். தானாகவே சரிசெய்துகொள்ளும் கேபிள் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது.

கேபிளைத் தளர்த்திய பிறகும் வழுக்கினால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். மிதி கனப்பதாகச் சொன்னதைப் பார்த்தால் பிளேட் தேய்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் குணம் அப்படி: பிளேட் மெலியும்போது மிதி முதலில் கனக்கும்.

நாலாம்கியர் எழுதியது:

கேபிளைப் பார்த்துவிட்டேன். ஆட்டம் சுத்தமாக இல்லை. கையேட்டில் உள்ள அளவுக்குத் தளர்த்தினேன். தட்டையான சாலையில் வழுக்கல் குறைந்திருக்கிறது, ஏற்றத்தில் அப்படியேதான். திருகில் இனித் தளர்த்த இடமும் இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேல் கியரில், ஏற்றத்தில் மட்டும் ஏன் வழுக்குகிறது என்று புரிந்துகொண்டால் ஃபிளைவீல் கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

கிளட்ச் தாங்கக்கூடிய முறுக்கு விசை என்பது நான்கு எண்களின் பெருக்கல். உராய்வுக் கெழு, ஸ்பிரிங் அழுத்தும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. இங்கே ஒரே பிளேட், அதற்கு இருபுறமும் முகம் என்பதால் கடைசி எண் 2. உதாரணத்துக்குக் கெழு 0.3, அழுத்தம் 4,000 நியூட்டன், ஆரம் 85 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 204 நியூட்டன் மீட்டர் வரும். 120 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினுக்கு இது தாராளம். அதே பிளேட்டில் எண்ணெய் பட்டுக் கெழு பாதியாகக் குறைந்தால் 102 தான் மிஞ்சும். எஞ்சின் ஜெயித்துவிடும்.

கீழ்க் கியரில் வண்டி சட்டென்று வேகமெடுத்துவிடும். எஞ்சின் தன் முழுப் பலத்தையும் கிளட்ச் மீது நெடுநேரம் இறக்க அங்கே வாய்ப்பில்லை. மேல் கியரில் ஏற்றம் ஏறும்போது அந்தப் பாரம் இறங்காமல் நின்றுவிடுகிறது. அதனால்தான் அங்கே முதலில் தெரிகிறது.

இந்தப் பெருக்கலில் ஃபிளைவீல் இரண்டு இடத்தில் நுழைகிறது. இரண்டு முகங்களில் ஒன்று ஃபிளைவீலின் மீதுதான் உராய்கிறது. அடுத்து, அதன் மட்டம் மாறினால் ஸ்பிரிங்கின் அழுத்தமும் மாறும். இதைக் கடைசல்பட்டறை ஐயா விளக்கினால் நன்றாக இருக்கும்.

அவசரக்கை எழுதியது:

இவ்வளவு பெரிய ஆராய்ச்சி எதற்கு? எத்தனையோ வண்டிகளில் ஃபிளைவீலைக் கழற்றாமல், இருந்த இடத்திலேயே உப்புத்தாள் தேய்த்து, துடைத்து, புதுப் பிளேட் போட்டு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய வண்டி ஐயா இது. புது மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல் செய்ய வேண்டாம்.

கடைசல்பட்டறை எழுதியது:

அவசரக்கை சொல்வதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். முகம் மட்டமாக இருந்து, சூட்டால் நீலம் பாயாமல், வெறும் பளபளப்பு மட்டும் ஏறியிருந்தால் உப்புத்தாள் போதும். வட்டமாகத் தேய்க்காமல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து அந்தப் பளபளப்பைப் போக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் இந்த வண்டியில் சூடேறிய பிறகு உதறல் இருக்கிறது. அது ஃபிளைவீலைச் சந்தேகிக்க நல்ல காரணம்.

ஃபிளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கிளட்ச் வழுக்கும்போது அதன் முகத்தில் சில திட்டுகள் மட்டும் 700 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறக்கூடும். அடியில் இருக்கும் கனத்த இரும்பு அந்தச் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடுகிறது. பட்டறையில் உளியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நீலமாகத் தெரியும் அந்தத் திட்டு மார்டென்சைட் என்ற கடும் இரும்பாக மாறிவிடுகிறது. சுற்றியுள்ள இரும்பு மென்மை, அந்த இடம் மட்டும் கல். நாளடைவில் மற்ற இடம் தேய்ந்து, அது மேடாக நிற்கும். பிளேட் அந்த மேட்டில் ஒவ்வொரு சுற்றிலும் தட்டுவதைத்தான் நீங்கள் உதறலாக உணர்கிறீர்கள்.

இதில் லேத்துக்கும் ஒரு சங்கடம் உண்டு. கட்டிங் டூல் மென்மையான இடத்தை வெட்டிக்கொண்டு வந்து கடினத் திட்டில் ஏறியதும் எகிறும். எடுத்து முடித்த முகத்தில் விரலை ஓட்டினால் அந்த இடம் லேசாகத் தடுக்கும். ஆகவே நீலத் திட்டு இருந்தால் முகம் எடுக்கக் கூடாது, கிரைண்டிங் செய்ய வேண்டும். கிரைண்டிங்கில் தேய்க்கும் சாணைக்கல் கடினத்தைப் பார்த்து ஒதுங்குவதில்லை. திட்டு ஆழமாக இறங்கியிருந்தால் கிரைண்டிங்கிலும் நீலம் முழுதாகப் போகாது. அப்போது புதியதுதான்.

இனி மட்டத்துக்கு வருகிறேன். சில ஃபிளைவீல்களில் பிளேட் உராயும் முகமும் பிரஷர் பிளேட்டைப் பூட்டும் விளிம்பும் ஒரே தளத்தில் இருக்கும். சிலவற்றில் உராயும் முகம் உள்வாங்கி, விளிம்பு உயர்ந்து, ஒரு படி போல இருக்கும். படி உள்ள வகை என்றால் உராயும் முகத்தில் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவை விளிம்பிலும் எடுத்தே ஆக வேண்டும். முகத்தில் மட்டும் 0.5 மில்லிமீட்டர் எடுத்தால் படி அரை மில்லிமீட்டர் ஆழமாகும், பிளேட் பிரஷர் பிளேட்டை விட்டு அந்த அளவுக்கு விலகும், ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும். புதுப் பிளேட் போட்டும் வழுக்குகிறது என்று என்னிடம் வரும் வண்டிகளில் நான் முதலில் அளப்பது இந்தப் படியைத்தான்.

குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போய்விட்டால் எதுவும் செய்ய வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள். ஃபிளைவீல் நிமிடத்துக்கு ஐயாயிரம் ஆறாயிரம் முறை சுழல்கிறது. உடைந்தால் அது கியர்பாக்ஸ் உறைக்குள் அடங்கி நிற்காது.

அவசரக்கை எழுதியது:

சரி ஐயா, படி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உதறல் என்றாலே ஃபிளைவீல் என்று முடிவு கட்ட வேண்டாம். எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தாலும் இப்படித்தான் உதறும். பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தாலும் உதறும். கியர்பாக்ஸுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டின் பல்வரியில் துரு ஏறிப் பிளேட் தாராளமாக நகராவிட்டாலும் உதறும்.

ஸ்பேனர்செட் எழுதியது:

இது சரியான பேச்சு. மவுண்ட்களை இப்போதே, எல்லாம் மாட்டியிருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

டீசல்பயணி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் டீசல் வண்டியில் இருப்பது இரட்டை நிறை ஃபிளைவீல். எஞ்சினை அணைக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம். அதையும் கிரைண்டிங் செய்ய முடியுமா? ஒற்றை ஃபிளைவீலுக்கு மாற்றும் செட் கிடைக்கிறது, ஒரேயடியாக அதற்கே போய்விடலாமா என்றும் யோசனை.

கடைசல்பட்டறை எழுதியது:

இரட்டை நிறை வகையைக் கிரைண்டிங்குக்கு நான் வாங்குவதில்லை. உள்ளே இரண்டு கனத்த வட்டுகள், அவற்றுக்கு நடுவே வில்போல் வளைந்த ஸ்பிரிங்குகள், கிரீஸ். எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்குகள் தாங்கிக்கொள்கின்றன. தேய்வது முகம் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும்தான். முகத்தைச் சரிசெய்து என்ன பயன்? ஒரு வட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்பிப் பாருங்கள், முன்பின்னாக அசைத்தும் பாருங்கள். எவ்வளவு அசையலாம் என்று தயாரிப்பாளர் ஒவ்வொரு மாடலுக்கும் அளவு கொடுத்திருக்கிறார். அதை மீறினால் புதியது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒற்றைக்கு மாறுவதைப் பற்றி: பிளேட்டின் நடுவில் டாம்பர் ஸ்பிரிங் உள்ள செட்டாக இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் அந்தச் சிறு ஸ்பிரிங்குகளால் டீசலின் தாழ்சுற்று அதிர்வை அதே அளவுக்கு அடக்க முடியாது. ஐடிலில் கியர்பாக்ஸ் கலகலக்கும். கியர் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் கூடுதல் அடி. ஓடாது என்று சொல்லவில்லை, பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் 1985 முதல் இரட்டை நிறை ஃபிளைவீலை வண்டிகளில் போட்டுவருவது வேலையில்லாமல் இல்லை.

நாலாம்கியர் எழுதியது:

கியர்பாக்ஸ் இறங்கிவிட்டது. கண்ணில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

பிளேட்டில் ஒரு பக்கம் ரிவெட் தலைகள் விரல் நகத்தில் தட்டுப்படுகின்றன. மறுபக்கம், அதாவது ஃபிளைவீல் பக்கம், ரிவெட்கள் உராய்ந்து வெள்ளிபோல் மின்னுகின்றன. ஃபிளைவீலில் அந்த ரிவெட்கள் போட்ட இரண்டு வட்டக் கோடுகள். அவற்றுக்கு இடையே கட்டைவிரல் அகலத்தில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுகள், சுற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றன. உறையின் அடியில் கருப்புச் சேறு. விரலில் தொட்டு முகர்ந்தேன், எஞ்சின் ஆயில் வாசனைதான். ஃபிளைவீலில் ஸ்டார்ட்டர் கடிக்கும் பல்வளையத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் மட்டும் பற்கள் மழுங்கியிருக்கின்றன. அது ஏன் இரண்டே இடம்?

ஸ்பேனர்செட் எழுதியது:

முதலில் ஒன்று: அந்த உறைக்குள் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. உங்களுடையதில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முகமூடி போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

இரண்டு இடம் ஏன் என்றால், நான்கு சிலிண்டர் எஞ்சினை அணைத்தால் ஏதாவது ஒரு பிஸ்டன் கம்ப்ரஷனில் முட்டி அரைச் சுற்றுக்கு ஒருமுறை வரும் அதே நிலைகளில்தான் வந்து நிற்கும். ஸ்டார்ட்டர் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு இடங்களையே கடிக்கிறது. ஆறு சிலிண்டரில் பார்த்தால் மூன்று இடம் இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் உங்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கியர் ஆயில் என்றால் கந்தக வாடை தூக்கும், இன்புட் ஷாஃப்ட் சீலைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும். எஞ்சின் ஆயில் என்றால் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின் சீல், அல்லது ஃபிளைவீல் போல்ட்கள்.

அவசரக்கை எழுதியது:

போல்ட் வழியாகவா?

ஸ்பேனர்செட் எழுதியது:

ஆமாம். சில எஞ்சின்களில் அந்தத் துளைகள் கிராங்க் ஷாஃப்டின் முனையைத் துளைத்து எண்ணெய் இருக்கும் பக்கம் வரை போகின்றன. சீலன்ட் பூசாமல் மாட்டினால் மரை வழியே எண்ணெய் ஊர்ந்து வந்துவிடும். சீலை மாற்றியும் கசிவு நிற்காமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

கடைசல்பட்டறை எழுதியது:

மயிரிழை விரிசல் என்பது வெப்பத்தால் மேல்தோலில் வருவது. கிரைண்டிங்கில் போய்விட்டால் கவலை இல்லை. போல்ட் துளையிலிருந்து கிளம்பும் விரிசல், விளிம்பு வரை ஓடும் விரிசல், நகத்தில் மாட்டும் ஆழமான விரிசல், இந்த மூன்றில் எது இருந்தாலும் அதை மீண்டும் வண்டியில் மாட்டக் கூடாது.

கழற்றும் முன் கிராங்குக்கும் ஃபிளைவீலுக்கும் சேர்த்து ஓர் அடையாளக் கோடு போடுங்கள். சிலவற்றில் போல்ட் துளைகள் ஒரே நிலையில் மட்டும் பொருந்தும்படி இருக்கும், சிலவற்றில் எப்படி வேண்டுமானாலும் பொருந்தும். பல்வளையத்தின் தேய்மானம் ஸ்டார்ட்டர் வழுக்கும் அளவுக்குப் போயிருந்தால், அதைத் தனியாக மாற்றலாம். புது வளையத்தை 200 டிகிரிக்கு மேல் சீராகச் சூடாக்கினால் விரிந்து தானாக உட்கார்ந்துகொள்ளும். ஆறியதும் கவ்விப் பிடிக்கும். கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் காட்டிப் பற்களின் கடினத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

நாலாம்கியர் எழுதியது:

ஃபிளைவீலைப் பட்டறையில் கொடுத்தேன். படி உள்ள வகைதான். விரிசல்கள் மேலோட்டமானவை, 0.4 மில்லிமீட்டர் எடுத்ததும் மறைந்துவிட்டன. நீலத்தில் மங்கலான நிழல் ஒன்றிரண்டு இடத்தில் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் எடுத்ததும் அதுவும் போயிற்று. விளிம்பிலும் அதே அளவு எடுத்து, படியை நான் முன்னாலேயே அளக்கச் சொன்னதால் ஆழமானியில் வைத்துக் காட்டினார்கள். தடிமன் குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருக்கிறது. பல்வளையம் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

பின் சீலின் உதடு கருகிக் கல்லாகியிருந்தது. புது சீல் வாங்கினேன், உதடு வெள்ளை நிறத்தில் இருக்கிறது. இதற்கும் எண்ணெய் தடவி மாட்டலாமா?

ஸ்பேனர்செட் எழுதியது:

வேண்டாம். அது பிடிஎஃப்இ (டெஃப்லான்) உதடாக இருக்கலாம். ரப்பர் உதடு என்றால் எண்ணெய் தடவி மாட்டுவோம். பிடிஎஃப்இ வகையை உலர்வாகவே மாட்ட வேண்டும். அதனுடன் வரும் பிளாஸ்டிக் வளையத்தின் வழியாகவே தள்ளுங்கள், உதட்டில் விரல் படாமல். மாட்டியவுடன் எஞ்சினை ஓட்டாமல் அது தன் உருவத்துக்குத் திரும்பச் சில மணி நேரம் விட வேண்டும். பெட்டிக்குள் வந்த தாளில் எழுதியிருக்கும், அதன்படியே செய்யுங்கள்.

இன்னும் சில. ஃபிளைவீல் போல்ட் ஒருமுறை நீட்டி இறுக்கும் வகையாக இருந்தால் பழையதை மீண்டும் போடக் கூடாது. டார்க் அளவு கையேட்டிலிருந்து மட்டும். புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் படலம் பூசி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரால் துடைத்து எடுத்துவிடுங்கள், ஃபிளைவீலையும் அப்படியே. பிளேட்டின் எந்தப் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். நடுவில் புடைத்த பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் பக்கம்தான், ஆனால் எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள். பல்வரிக்கு அரிசிமணி அளவுக்கு கிரீஸ்; அதையும் தடவியபின் பிளேட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். மிஞ்சியது சுழலும்போது தெறித்து முகத்தில்தான் விழும்.

பிரஷர் பிளேட் போல்ட்களை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிரஷர் பிளேட்டின் உறை வளைந்துவிடும், பிறகு கிளட்ச் முழுசாக விலகாது.

கியர்பாக்ஸை ஏற்றும்போது எக்காரணம் கொண்டும் அதன் எடையைப் பிளேட்டின் நடுப்பகுதியில் தொங்கவிடாதீர்கள். பாதி நுழைந்த ஷாஃப்டில் பெட்டியைத் தொங்கவிட்டு, ஒருவர் போல்ட் தேடப் போனால் பிளேட் வளைந்துவிடும். கியர் போடும்போது கரகரக்கும், காரணம் தெரியாமல் அலைவீர்கள். ஜாக்கில் எடையை நிறுத்தி, கையால் தள்ளினாலே உறை முகத்தோடு முகம் சேர வேண்டும். சேராவிட்டால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள். பிளேட் நடுவில் இல்லை, அல்லது பல்வரி பொருந்தவில்லை என்று பொருள்.

அவசரக்கை எழுதியது:

சென்டரிங் கருவி இல்லாமல் கண்ணாலேயே நடுவில் வைத்து மாட்டியிருக்கிறேன். ஆனால் நண்பர் முதல்முறை செய்கிறார். செட்டோடு பிளாஸ்டிக் கருவி வந்திருந்தால் அதையே பயன்படுத்தட்டும். கிராங்க் முனையில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பல முன்சக்கர வண்டிகளில் அது இருக்காது.

நாலாம்கியர் எழுதியது:

எல்லாம் மாட்டி, வண்டி ஓடுகிறது. பைலட் பேரிங் இல்லாத வகை. மிதி விரலால் அழுத்தும் அளவுக்கு இலகுவாகிவிட்டது. சூடேறிய பிறகும் உதறல் இல்லை. இப்போது முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன், புது முகங்கள் ஒன்றோடொன்று பழகட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். நியூட்ரலில், மிதியை விட்டிருக்கும்போது லேசான உறுமல் கேட்கிறது. மிதியை அழுத்தினால் நின்றுவிடுகிறது. புது ரிலீஸ் பேரிங்கிலேயே கோளாறா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

ரிலீஸ் பேரிங் என்றால் நேர்மாறாக இருக்கும்: அழுத்தினால் சத்தம், விட்டால் அமைதி. மிதியை விட்டிருக்கும்போது இன்புட் ஷாஃப்ட் எஞ்சினோடு சுற்றிக்கொண்டிருக்கிறது, அழுத்தியதும் நின்றுவிடுகிறது. சத்தமும் கூடவே நிற்பதால் அது கியர்பாக்ஸுக்குள் இருந்து வருகிறது. கியர் ஆயில் எவ்வளவு, எந்த வகை ஊற்றினீர்கள்? ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால் சில வகைகள் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லாவிட்டாலும் கேட்டுவைக்கிறேன்.

நாலாம்கியர் எழுதியது:

ஜிஎல்-4 தான். ஆனால் வண்டியின் முன்பக்கம் ஸ்டாண்டில் தூக்கி நின்றபோது ஊற்றினேன். இப்போது சமதளத்தில் நிறுத்தி நிரப்பும் துளையைத் திறந்து பார்த்தேன், விரலை வளைத்தால்தான் எண்ணெய் தொடுகிறது. துளையின் விளிம்பில் சொட்டும் வரை ஊற்றி மூடினேன். சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ஸ்பேனர்செட் எழுதியது:

அந்த மிச்சம் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கின் வயதாக இருக்கும். கூடாமல் அப்படியே இருந்தால் ஓட்டுங்கள். ஓடும்போதும் கேட்கத் தொடங்கினால் பெட்டியைப் பிரிக்கும் வேலை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் முடிந்ததும் கேபிள் ஆட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள். முகங்கள் படிந்து உட்காரும்போது ஆட்டம் சற்றுக் குறையும், அப்போது ஒருமுறை தளர்த்த வேண்டியிருக்கும்.